கிளிக்காக விட்ட பாக்கு

தோகிலாங்குக்குப் பல் முளைக்கும்போதே பொறாமையும் சேர்ந்து முளைத்துவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். தம்பி பிறந்ததும் தம்பி மேல் பொறாமை. தம்பிக்குச் சளி பிடித்தபோது அந்தச் சளி மேலேயே பொறாமை, ஏனென்றால் அம்மா அப்போது தம்பியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பெரியவனாகிக் கோயில் பாட்டுக் குழுவில் சேர்ந்தான். கனத்த குரல், நல்ல குரல்தான். ஒரு கிறிஸ்துமஸுக்குத் தனியாகப் பாடும் வரியை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று அடுத்த கிறிஸ்துமஸ் வரை வாயை மூடிக்கொண்டு வரிசையில் நின்றான். பாடவும் இல்லை, இடத்தை விட்டு நகரவும் இல்லை. வைக்கோல்போரில் படுத்த நாய் கதைதான்.

மற்றபடி குறை சொல்ல முடியாத ஆள். கொகோ மரங்களின் கிளைகளை ஒழுங்காகக் கழித்துவிடுவான், கொட்டையைப் பதமாகக் காயவைப்பான், குடித்துவிட்டு வந்து யாரையும் அடித்ததில்லை. ஒரே ஒரு சங்கடம், குடியிருந்த நிலம் அவனுடையதல்ல. அந்தத் தீவில் நிலம் பெண்வழியில் போவது. கொக்கோப்போ சாலைக்கு மேலே சரிவில் இருந்த தோட்டம், வீடு, தென்னைகள் எல்லாம் மனைவி மிலிக்காவின் குலத்துக்குச் சொந்தம். அதை யாரும் அவனுக்குச் சொல்லிக்காட்டியது கிடையாது. சொல்லிக்காட்டாமலேயே அவனுக்குக் காதில் விழும்.

நாள் முழுக்க அவன் எதிர்பார்த்திருப்பது ஒரு வேளையைத்தான். வெயில் தாழ்ந்ததும் சமையல் குடிசைக்கு வெளியே கிடக்கும் தென்னங்கட்டையில் இருவரும் உட்காருவார்கள். நடுவில் ஓலைக்கூடை. மிலிக்கா பச்சைப் பாக்கைப் பல்லால் உரித்து அவனிடம் நீட்டுவாள். அவன், அங்கே வெற்றிலைக்குப் பதிலாக மெல்லும் வெற்றிலைக்கொடியின் காயைச் சுண்ணாம்பில் தொட்டுக் கடித்துக்கொள்வான். இரண்டு வாயும் சிவந்த பிறகுதான் பேச்சு தொடங்கும். யார் வீட்டுப் பன்றி யார் தோட்டத்தில் புகுந்தது, போதகரின் மனைவி எதற்காகப் பிறந்த வீட்டுக்குப் போனாள் என்று இருட்டும் வரை ஓடும். மகன் போர்ட் மோர்ஸ்பிக்கு வேலைக்குப் போய், மகள் ருசிலா கல்யாணமாகிக் கிம்பேக்குப் போன பிறகு அந்தக் கட்டைதான் அவர்களுடைய குடும்பம்.

அந்தக் கட்டையில் மண் அள்ளிப் போட்டவன் அபிசாய், மிலிக்காவின் தம்பி.

அபிசாய்க்கு எல்லாம் நன்றாக நடக்கும். அதுவே தோகிலாங்குக்குப் பிடிக்காது. போதாக்குறைக்கு அவன் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டாடும் ஏழாம் நாள் சபையில் சேர்ந்து பாக்கையும் விட்டுவிட்டான். வெள்ளைப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே வருவான். அன்றும் அப்படித்தான் வந்தான். கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை.

"அக்கா, ஒன் வாய்க்கு வேல கொண்டாந்திருக்கேன்."

சிரட்டைக்குள் நாருக்கு நடுவில் ஒரு கிளிக்குஞ்சு. காற்றில் முறிந்த பட்டமரத்தின் பொந்தில் கிடந்ததாம். தோல் உரித்த இஞ்சித் துண்டுக்கு மூக்கு வைத்தது போல இருந்தது. கண் திறந்தும் திறக்காமலும் தலை ஆடிக்கொண்டிருந்தது.

மிலிக்கா எழுந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்தாள், எலுமிச்சையைக் கடித்துத் துப்பினாள், தேங்காய் நாரால் பல்லைத் தேய்த்தாள், மறுபடி கொப்பளித்தாள். திரும்பி வந்து பாக்குக்கூடையைத் தூக்கிக் கணவன் மடியில் வைத்தாள்.

"இது தானாத் திங்கிற வரைக்கும் எனக்குப் பாக்கு கெடையாது. நீ போட்டுக்கோ."

கிளிக்குஞ்சுக்கு ஊட்டுகிற வாயில் பாக்குப் போடக் கூடாது. சுண்ணாம்பு பட்டால் குஞ்சின் தொண்டை வெந்துபோகும். அந்தப் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி அது. தோகிலாங்குக்கும் தெரியும். தெரிந்தும் அவன் கேட்டான்.

"அது எப்பத் தானாத் திங்கும்?"

"றெக்க மொளச்சுப் பறக்கிறப்ப."

"அதுவரைக்கும் நான் யாரோட ஒக்காந்து போடுறது?"

"அதான் மச்சான், நல்ல சந்தர்ப்பம்," என்றான் அபிசாய். "நீங்களும் விட்டுரலாம்."

தோகிலாங் அவனுடைய பல்லைப் பார்த்தான்.

மறுநாளிலிருந்து கட்டையில் அவன் தனி. மிலிக்கா குடிசைக்குள் அடுப்போரமாக உட்கார்ந்து, வாழைப்பழத்தையும் வெந்த சர்க்கரைவள்ளியையும் மை போல மெல்லுவாள். குஞ்சை உள்ளங்கையில் தூக்கி உதட்டோடு வைப்பாள். அது மூக்கை அவள் வாய்க்குள் விட்டு, தலையை மேலும் கீழுமாக ஆட்டி ஆட்டி வாங்கிக்கொள்ளும். கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை உப்பிக்கொண்டே வரும். அது உப்ப உப்ப வெளியே உட்கார்ந்திருப்பவனுக்கு வயிறு எரியும். ஊட்டி முடித்தபின் அவள் அதன் மூக்கைத் தன் கன்னத்தில் துடைத்துக்கொள்வாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கட்டின பெண்டாட்டி கண்ணெதிரே இன்னொருத்தனை முத்தமிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவன் நிலைமை அவனுக்கு. அந்த இன்னொருத்தனுக்கு உடம்பில் ஒரு இறகுகூடக் கிடையாது என்பது வேறு அவமானம்.

"அந்த மூக்கனுக்கு இன்னும் எத்தன வாட்டி ஊட்டுவ? எனக்கு ஒரு வாய் டீ கெடைக்காதா?"

"ஒனக்குக் கையி இருக்கு, அடுப்பு இருக்கு. அதுக்கு என்ன இருக்கு?"

"அதுக்கு நீ இருக்க."

"தெரியுதில்ல, போய்யா."

அவன் போய் டீ போட்டுக்கொண்டான். சர்க்கரை அதிகமாகிவிட்டது. அதற்கும் குஞ்சைத்தான் திட்டினான்.

உண்மையில் அவனை உறுத்தியது வேறு. எத்தனையோ வருடமாகப் பாக்கு இல்லாமல் ஒரு பொழுதும் சாயாதவள், குஞ்சைப் பார்த்த மாத்திரத்தில் கூடையைத் தூக்கி மடியில் வைத்துவிட்டாளே, அது எப்படி? கூடையோடு சேர்த்து அவனையும்தானே ஒதுக்கி வைத்தாள்? இப்படியெல்லாம் யோசித்தவனுக்கு, ருசிலா வயிற்றில் இருந்தபோது நடந்தது மட்டும் நினைவுக்கு வரவில்லை. அப்போது பாக்கு வாடை பட்டாலே மிலிக்காவுக்குக் குமட்டும். பிள்ளை பிறக்கிற வரைக்கும் விட்டுவிடேன் என்று கேட்டாள். சரி என்றான். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. தேங்காய் உலர்த்தும் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்து மென்றுவிட்டு, சிவந்த வாயோடு வந்து, பல்லில் ரத்தம் என்றான். அவன் மறந்துவிட்டான். ஆண்கள் இதையெல்லாம் மறந்துவிடுவார்கள்.

குஞ்சின் மேல் இறகுக் குருத்துகள் முள் முள்ளாகக் கிளம்பிய சமயம் கிம்பேயிலிருந்து போன் வந்தது. ருசிலாவுக்குப் பேறுகாலம். மிலிக்கா கப்பலேற வேண்டும்.

"குஞ்ச அபிசாய் வீட்டுல விட்டுட்டுப் போறேன்," என்றாள், பையில் துணியை அடைத்துக்கொண்டே. "அவன் வாய் சுத்தம்."

அவன் வாய் சுத்தம். அந்த மூன்று வார்த்தை தோகிலாங்கின் காது வழியாகப் போய்க் குடலில் உட்கார்ந்துகொண்டது.

"என் வீட்டுக் கிளி எதுக்கு அடுத்தவன் வீட்டுக்குப் போவணும்?"

"நேத்து வரைக்கும் மூக்கன். இன்னைக்கு ஒன் வீட்டுக் கிளியாயிருச்சா?"

"நான் ஊட்டுறேன்."

மிலிக்கா துணி அடைப்பதை நிறுத்தினாள். "கிளிய வளத்துப் பூன கையில குடுத்த கதையாயிரும்யா."

"நான் பூனையா?"

"பாக்கு?"

"தொட மாட்டேன்."

"நீயி?"

"நான்தான். ஒன் தம்பியால முடியும், என்னால முடியாதா?"

கிளம்புகிற அவசரம் அவளுக்கு. போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். மை போல மெல்லணும், திப்பி இருக்கக் கூடாது. முன்னே கொடுத்தது தீனிப்பையிலிருந்து இறங்கினபிறகுதான் அடுத்தது. அடுப்பில் சூடு பண்ணாதே, வாய்ச் சூடே போதும். அவன் தலையை ஆட்டினான். அவனை ஒரு முறை கட்டிக்கொள்வாள் என்று நினைத்தான். அவள் அவன் கையிலிருந்த சிரட்டைக்குள் குனிந்து குஞ்சுக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் பேருந்தில் ஏறினாள்.

முதல் முறை ஊட்டியபோது அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. குஞ்சு அவன் உதட்டைக் கடித்தது, நாக்கைக் கடித்தது, மீசைக்குள் மூக்கை விட்டுத் தேடியது. பாக்கு இல்லாமல் தலை வேறு இடித்தது. ஆனாலும் விடவில்லை. அபிசாய் தினமும் வேலியோரமாக நடந்து போகிறான், எட்டிப் பார்க்கிறான். அவன் பார்க்கும்படியாகவே வாசலில் உட்கார்ந்து ஊட்டினான் தோகிலாங்.

அப்படியே இருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. அந்த வாரம் கீழூரில் ஒரு சாவு. ஆண்கள் மரத்தடியில் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பாக்குக்கூடை கைமாறி வந்தது. தோகிலாங் வேண்டாம் என்று கையை அசைத்தான்.

"என்னப்பா," என்றான் பக்கத்திலிருந்தவன், "நீயும் ஒன் மச்சான் சபையில சேந்துட்டியா? சனிக்கெழம வேல வெட்டி கெடையாதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பான். அபிசாய் போன வழியில் தானும் போகிறவன் என்று நாலு பேர் நினைப்பதை எப்படிப் பொறுப்பான்? குஞ்சுக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம், ஊரே புரிந்துகொண்டிருக்கும். ஆனால் அதைச் சொல்லவும் வெட்கம். கூடையைத் திரும்ப வாங்கி ஒரு பாக்கை எடுத்தான். வெறும் பாக்கு மென்றால் மறுபடி சிரிப்பார்கள். சுண்ணாம்பும் தாராளமாகவே தொட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வரும்போது குஞ்சு பசியில் கத்திக்கொண்டிருந்தது. கொப்பளித்தான். இன்னொரு தரம் கொப்பளித்தான். எலுமிச்சை தேட அவனுக்குப் பொறுமையில்லை. வாழைப்பழத்தை மென்று ஊட்டினான். கடைவாய்ப் பல்லின் பொந்தில் என்ன ஒட்டியிருந்தது என்று பார்த்தவர் யார்?

குஞ்சு வாங்கிய வேகத்தில் தலையை உதறியது. பழம் சுவரெல்லாம் தெறித்தது. பிறகு அது வாயைத் திறக்கவே இல்லை. விடிந்து பார்த்தால் தீனிப்பையில் நேற்றுப் போட்டது நேற்றுப் போலவே நின்றது. நாக்கின் ஓரம் வெந்த மீன் போல வெளுத்திருந்தது. சிரட்டைக்குள் கழுத்தைத் தொங்கப்போட்டுக் கிடந்தது.

தோகிலாங் பயந்துபோனான். முதலில் மிலிக்கா முகம்தான் கண்ணில் வந்தது. அப்புறம் அபிசாயின் பல். குஞ்சின் முகம் கடைசியாகத்தான் வந்தது என்றாலும், வந்தபிறகு போகவில்லை. சுண்ணாம்புக் குடுக்கையை எடுத்துக் கூரை ஓலைக்குள் செருகினான். பாக்குக்கூடையை மூலையில் எறிந்தான். மரமேறி இளநீர் பறித்தான். எலுமிச்சை கடித்து, நாரால் தேய்த்து, ஈறில் ரத்தம் வரும் வரை வாயைக் கழுவினான். இப்போது உண்மையாகவே பல்லில் ரத்தம்.

வாயில் இளநீரை வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகக் குஞ்சின் மூக்கோரம் விட்டான். பெருவிரலால் தீனிப்பையை மெல்ல நீவிக்கொடுத்தான். மதியம் போன் வந்தது.

"புள்ள பொறந்துருச்சு," என்றாள் மிலிக்கா. "பொண்ணு. நல்லாயிருக்கு ரெண்டும். குஞ்சு சாப்பிட்டுச்சா?"

"நல்லாத் திங்குது."

"கொரலக் காட்டு."

"தூங்குது."

பொய் சொன்ன வாயால் மறுபடி இளநீர் சொட்டினான். மாலையில் அபிசாய் வேலியைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டான். வெட்டிப் போட்ட இளநீர்க் கூடுகளைப் பார்த்தான்.

"எளநி யாருக்கு மச்சான்?"

"எனக்குத்தான். வயித்துல சூடு."

அபிசாய் சிரட்டையைப் பார்த்தான். குனிந்து குஞ்சின் வாயைப் பார்த்தான். வந்த வழியே போய்விட்டான். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு குலை இளநீர் கிடந்தது. ஒருவன் உதவி செய்தால்கூட இப்படி வயிறு எரியுமா என்று தோகிலாங்குக்கே ஆச்சரியமாக இருந்தது. திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடலாமா என்று யோசித்தான். உள்ளே குஞ்சு ஈனமாக ஒரு சத்தம் போட்டது. குலையை வெட்டினான்.

அது பிழைத்தது. தீனிப்பை இறங்கிய அன்று இவன் வாய்விட்டு அழுதான். கூழாகக் கரைத்த பழம், பிறகு மென்ற பழம், பிறகு காட்டுக்கொட்டையை வெண்ணெய் போல அரைத்த விழுது என்று படிப்படியாக ஏறியது. குருத்து உடைந்து இறகு விரிந்தது. சிவப்பு. அந்த இனத்தில் சிவப்பு என்றால் பெட்டை. நெஞ்சில் மட்டும் நீலம். அதற்குக் குலாவ் என்று பெயர் வைத்தான். அவர்கள் பேச்சில் இளநீர் என்று அர்த்தம். கொகோ களத்துக்குத் தோளில் வைத்துக்கொண்டு போவான். பாட்டுக் குழுவில் தனக்குக் கொடுக்காமல் போன அந்த வரியை அதற்குப் பாடிக் காட்டுவான். பாக்கு நினைப்பே வரவில்லை. அந்தக் கொஞ்ச நாள் அவனுக்குப் பொறாமையே இல்லை. பொறாமைப்பட ஆளும் இல்லை.

பேத்தி தலை நிற்கிற பருவம் வந்ததும் மிலிக்கா திரும்பினாள். சாலையிலிருந்து ஏறி வரும்போதே நாக்கால் 'ட்ளக்' என்று ஓசை கொடுத்துக்கொண்டே வந்தாள். குஞ்சை அவள் கூப்பிடுகிற ஓசை அது. பையை இறக்கிவைத்தாள். வாயைக் கழுவினாள். வாழைப்பழத்தை உரித்து மென்று, கட்டையில் உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

கிளி ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது. தலையைத் திருப்பி மறு கண்ணால் பார்த்தது. பிறகு தோகிலாங்கின் இடுப்புத் துணியைக் கவ்வி, முழங்கை வழியாக ஏறி, தோளில் உட்கார்ந்து அவன் உதட்டில் மூக்கை வைத்தது.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது தோகிலாங்குக்கு.

"ஒன்ன மறந்துருச்சு போல," என்றான். சிரிப்பை அடக்கத்தான் பார்த்தான், முடியவில்லை. "குலாவ்னு கூப்பிட்டுப் பாரு."

"பேரெல்லாம் வெச்சாச்சா?"

"நான்தான் வெச்சேன்."

மிலிக்கா வாயில் மென்று வைத்திருந்த பழத்தை அப்படியே விழுங்கிவிட்டு, எழுந்து அடுப்பு மூட்டப் போனாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு தாய். விடிவதற்கு முன், அவன் எழுமுன், மிலிக்கா காட்டுக்கொட்டையைத் தேங்காய்ப்பாலோடு மென்று கிளியைத் தாஜா செய்வாள். தேங்காய்ப்பால் யாரை விட்டது? கிளி அவளிடமும் வாங்கத் தொடங்கியது. அதைக் கண்டுபிடித்தவன் களத்துக்குக் கொண்டுபோய்ப் பப்பாளி ஊட்டுவான். "நான் குடுக்கல" என்பாள் அவள், கிளியின் மூக்கில் தேங்காய்ப்பால் காயாமல் இருக்கும்போதே. "நானும் குடுக்கல" என்பான் இவன். கிளி கொழுத்தது. வாசலில் துணி காயப்போடும் கம்பியிலிருந்து கூரைக்கும் கூரையிலிருந்து மாமரத்துக்கும் பறந்தது. பறக்கிற வயதில் கிளிகள் பழத்தைக் கொத்தித் தின்னப் பழகிவிட வேண்டும். கம்பியில் பழுத்த வாழைச்சீப்பைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கிளி அதன் மேல் ஏறி நின்றுகொண்டு, அதே பழத்தை மென்று தரச்சொல்லி இவர்களைப் பார்த்துச் சிணுங்கும்.

"என்னக்கா இது," என்றான் அபிசாய். "கல்யாண வயசுல பால்குடியா? ரெண்டு பேரும் ஒரு சாவு கேதம்னு எங்கயாச்சும் போனா இது என்னாவும்?"

"நீ ஒன் வேலயப் பாரு," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

சொன்னது போலவே ஆயிற்று. ராபாவுல் பக்கம் ஒரு கோயில் விழா. காலையில் போனவர்கள் வண்டி கிடைக்காமல் சாயங்காலம்தான் திரும்பினார்கள். சாலையிலேயே கத்தல் கேட்டது. கிளி கம்பியில் உட்கார்ந்திருந்தது. தீனிப்பை வற்றி ஒட்டிக்கிடந்தது. கத்திக் கத்திக் குரல் கம்மியிருந்தது. அதன் காலடியில் மஞ்சள் பழுத்த சீப்பு, ஒரு பழத்தில்கூட மூக்குப் பட்ட அடையாளம் இல்லை.

இருவரும் ஒரே நேரத்தில் ஓடி ஊட்டினார்கள். ஊட்டி முடித்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் இல்லாத ஒரு நாள் அதைக் கொன்றுவிடும் என்பது இருவருக்கும் புரிந்துவிட்டது. எத்தனை நாள் இருப்பார்கள் இவர்கள்? கிளி இவர்களைவிட அதிக நாள் இருக்கும்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் மிலிக்கா ஓலைக்கூடையைத் தட்டித் துடைத்து எடுத்துவந்தாள். புதிதாகப் பறித்த பாக்கு. கூரையிலிருந்து சுண்ணாம்புக் குடுக்கையை அவளே இறக்கியிருந்தாள். எங்கே இருக்கிறது என்று அவனிடம் கேட்கவில்லை. தென்னங்கட்டையில் உட்கார்ந்து பாக்கைப் பல்லால் உரித்து அவனிடம் நீட்டினாள்.

"ரெண்டு பேரும் போடணும். ஒரு வாய் சுத்தமா இருந்தாலும் அது அங்க போயி நிக்கும்."

எத்தனை மாலை இதற்காக அவன் ஏங்கிக் கிடந்தான். அதே கட்டை, அதே கூடை, அதே கை. இப்போது கைக்கு எட்டியதை வாயில் போட மனம் வரவில்லை. பாக்கை விரலில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். கிளி அவன் தோளில் இருந்தது.

"நீ மொதல்ல போடு," என்றான். "நான் போட்டதும் நீ துப்பிட்டுப் போயி ஊட்டிருவ."

"சுண்ணாம்ப எனக்கு ஊட்டத் தெரியாதுய்யா. அது ஒனக்குத்தான் தெரியும்."

தோகிலாங்கின் கை நின்றது. "அபிசாய் சொன்னானா?"

"அவன் எதுக்குச் சொல்லணும்? நாக்கு ஓரத்துல வெள்ளையாத் தழும்பு இருக்கு. இந்த ஊர்ல பொறந்தவளுக்கு அது என்னன்னு தெரியாதா? வந்தன்னைக்கே பாத்துட்டேன்."

"திட்டியிருக்கலாமே."

"திட்டணும்னுதான் வந்தேன்." அவள் குடுக்கையின் மூடியைத் திறந்தாள், மூடினாள். "மூலையில பாக்குக்கூட கெடந்துச்சு. எட்டுக்கால் பூச்சி கூடு கட்டியிருந்துச்சு அதுக்குள்ள. ஒன் பல்லப் பாத்தேன். வெளுத்திருந்துச்சு. எப்ப விட்டன்னு புரிஞ்சுபோச்சு."

"அது செத்துரும்னு பயந்துட்டேன்."

"ருசிலா வயித்துல இருந்தப்ப நான் சாவக்கெடந்தேன். தண்ணி தங்கல எனக்கு. விட்டுருய்யான்னு கேட்டேன். ஒரு வாரம்கூடத் தாங்கல. கொட்டாயிக்குப் பின்னால போயி நின்னுட்டு, பல்லுல ரத்தம்னு சொன்ன. நானும் நம்புன மாதிரி இருந்தேன். இந்த மூக்கனுக்காக அத்தன நாள் விட்டிருக்க, கூடையில தூசி படியிற அளவுக்கு. எரியுதுய்யா எனக்கு. அதான் திட்ட வாய் வரல."

தம்பி, சளி, பாட்டுக்காரன், மச்சான் என்று ஆயுள் முழுக்கத் தோகிலாங்தான் பொறாமைப்பட்டிருக்கிறான். அவனை முன்னிட்டு ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று அவன் நினைத்ததே இல்லை. அதுவும் அந்தப் பழைய பொய்யை இத்தனை வருடமாக மனசில் வைத்துக்கொண்டு, இதே கட்டையில், அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு. அது மகிழ்ச்சியா வெட்கமா என்று அவனுக்குத் தெரியவில்லை. பாக்கை வாயில் போட்டுக் கடித்தான்.

"சுண்ணாம்பு," என்றாள் அவள்.

தொட்டுக்கொண்டான். அவளும் போட்டாள்.

கிளி அவன் உதட்டில் மூக்கை வைத்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டான். அது கடைவாயில் தட்டியது, மீசையை இழுத்தது, காதருகே சிணுங்கியது. பிறகு மிலிக்காவின் மடிக்குத் தாவியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுண்ணாம்பு வாடை பட்டதும் அது தலையை உதறிவிட்டுக் கம்பிக்குப் பறந்து, அங்கிருந்து ஊரைக் கூட்டியது. அன்று அது பட்டினியாகத்தான் தூங்கியது. இவர்களும் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் எழுந்துவிடுவாளோ என்று அவனும், அவன் எழுந்துவிடுவானோ என்று அவளும் காவல் காத்ததில் யாரும் வாய் கொப்பளிக்கப் போகவில்லை.

மறுநாளும் காலையிலிருந்தே இருவர் வாயிலும் பாக்கு. கிளி மாறி மாறி வந்து கெஞ்சியது. வெயில் தாழ்கிற நேரத்தில் கத்திச் சலித்துக் கம்பியில் போய் உட்கார்ந்தது. தொங்கிய சீப்பைக் கோபத்தில் ஒரு கொத்துக் கொத்தியது. மூக்கில் பழம் ஒட்டிக்கொண்டது. நாக்கை நீட்டி, ஓரம் வெளுத்த அந்த நாக்கை நீட்டி, நக்கிப் பார்த்தது. இன்னொரு கொத்து. பிறகு ஒரு காலால் சீப்பைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, கண்ணை அரைவாசி மூடி, நிதானமாகத் தின்னத் தொடங்கியது. கட்டையிலிருந்த இருவரையும் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"திங்குது," என்றாள் மிலிக்கா.

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"அப்புறம் ஏன்யா மூஞ்சி அப்படிப் போவுது?"

தன் வாழ்நாளில் தோகிலாங் எத்தனையோ பேர் மேல் பொறாமைப்பட்டிருக்கிறான். அன்றைக்கு அவன் பொறாமைப்பட்டது ஒரு வாழைப்பழத்தின் மேல். பக்கத்தில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தவளும் அந்தப் பழத்தைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள்.